ரெண்டாவது மாம்பழம்

வாடா பேராண்டி, உக்காரு. அந்த மஞ்சப்பையை மட்டும் திண்ணை மேலே வைக்காதே, கீழே மண்ணிலே வை. வைக்கோல் போர் பக்கமும் வேண்டாம். வீங்கின போனைத் தூக்கிக்கிட்டு நெடுங்காட்டுக்கும் காரைக்காலுக்குமா மூணு நாளா அலையுறே. உன் மூஞ்சியைப் பார்த்தா ரெண்டு வேளை கறக்காம விட்ட மாடு மாதிரி இருக்கு. மோர் குடி. குடிச்சிட்டுச் சொல்லு.

ம்... அப்படியா. அட!

சரி, நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாரு. கம்பெனிக்காரனே அறிவிப்பு விட்டுட்டான்: "இந்தத் தொகுதியிலே வந்த போன்லே பேட்டரி சரியில்லை, சூடாகும், கொண்டுவந்து குடுங்க." நீ நல்ல பிள்ளையா பில்லை எடுத்துக்கிட்டு வாங்கின கடைக்குப் போனே. கடைக்காரன், "நாங்க வித்ததோட சரி, கம்பெனிகிட்டே கேளுங்க"ன்னான். கம்பெனிக்குப் போன் போட்டே. அந்தப் பொண்ணு பின்கோடைக் கேட்டுட்டு, "உங்க மாநிலத்துக்கான சர்வீஸ் சென்டர் புதுச்சேரியிலே இருக்கு சார்"னுச்சு. பக்கத்திலே நாகப்பட்டினம் இருக்கே, டவுன் பஸ் தூரம்தானேன்னா, "அது வேற மாநிலம் சார்"!

அந்தப் பொண்ணைத் திட்டாதே. கம்ப்யூட்டர்லே காரைக்கால் எங்கே இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நமக்கே சில நேரம் தெரியறதில்லை. வடக்கே போனா மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே போனா நாகை மாவட்டம், கிழக்கே போனா கடல். நம்ம தலைநகரத்துக்குப் போகணும்னா தமிழ்நாட்டைத் தாண்டி நூத்திச் சொச்சம் கிலோமீட்டர் போகணும். பிரெஞ்சுக்காரன் இந்த ஊரை இந்தியா கையிலே குடுத்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி பத்திரம் முடிஞ்சது 1962 ஆகஸ்ட் 16. சரக்கு முதல்லே வந்துச்சு, பில்லு எட்டு வருஷம் கழிச்சு வந்துச்சு. உன் போன் விஷயம் மூணு நாள்லே முடியலைன்னு அழறியே, நீ எந்த ஊர்லே பொறந்திருக்கேன்னு கொஞ்சம் நெனச்சுப் பார்க்க வேண்டாமா?

அதை விடு. அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து. "பழைய போனைக் குடுத்துட்டு எங்க புது மாடலை எடுத்துக்குங்க, எக்ஸ்சேஞ்ச் போனஸ் தர்றோம்"னு ஒரு மெசேஜ். நீயும் வாயைப் பொளந்துக்கிட்டு உள்ளே போனே. அவன் வரிசையா கேள்வி கேட்டான். திரையிலே கீறல் உண்டா? இல்லை. பட்டன் வேலை செய்யுதா? செய்யுது. பேட்டரி வீங்கியிருக்கா? நீயும் அரிச்சந்திரன் பேரன் மாதிரி "ஆமாம்"னு அமுக்கிட்டே. உடனே உன் போனோட மதிப்பு சைபருக்கு வந்துருச்சு!

சிரிக்காதே பாட்டி, பையன் நொந்துபோயிருக்கான்.

அடேய், அவன் பேட்டரி வீங்கினதாலேதான் அவன் போனைத் திரும்பக் கேக்குறான். அது வீங்கியிருக்கிறதாலேயே அதுக்கு விலை இல்லைங்கறான். நாப்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன்டா நான். இப்படி ஒரு பேச்சு எனக்குத் தோணாமப் போச்சேன்னு இன்னிக்கு வயிறு எரியுது.

இந்தப் போன் விலை பேசுறதைப் பார்த்தா எனக்குச் சந்தை ஞாபகம்தான் வருது. மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்ப்போம்: ரெண்டு பல்லு, நாலு பல்லு, கடை சேர்ந்தது. அப்புறம் சுழி. வாங்குறவன் பக்கம் நின்னா நல்ல மாட்டுக்கும் ஒரு பாடைச்சுழி கண்டுபிடிச்சு வெலையைக் குறைப்போம். விக்கிறவன் பக்கம் நின்னா அதே சுழி ராஜசுழி ஆயிடும். வெலையை வாயாலே சொல்றது கிடையாது. துண்டைப் போட்டுக் கையை மூடி, விரலைப் பிடிச்சுப் பேசுவோம். கூட நிக்கிற மாட்டுக்காரனுக்கே தெரியாது. ஊரெல்லாம் அதைக் கள்ளத்தனம்னு பேசுச்சு. இப்ப அதையே கம்ப்யூட்டர் பண்ணுது. எத்தனை கீறலுக்கு எத்தனை ரூபா கழிச்சான்னு உனக்குத் தெரியுமா? துண்டு கண்ணாடியா மாறியிருக்கு, அவ்வளவுதான்.

போன தீபாவளிக்கு உன் சித்தப்பன் ஒரு போனை மாத்தினானே, மறந்துட்டியா? "பதினோராயிரம் வரை"ன்னு போட்டிருந்தான். வாங்க வந்த பையன் வாசல்லேயே நின்னு போனை வெயில்லே சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்தான். பார்க்கப் பார்க்க வெலை கரைஞ்சுது. கடைசியிலே ரெண்டாயிரத்துச் சொச்சம். உன் சித்தப்பன் குதிச்சான். அந்தப் பையன் பாவம், "நான் போடலைங்க, ஆப்பு போடுது"ன்னான். உண்மையைத்தான் சொல்லியிருக்கான். எல்லாம் அந்த "வரை"ங்கிற ஒத்தைச் சொல்லுலே இருக்கு. நானும் நூறு வயசு வரை இருப்பேன். "வரை"தானே, நாளைக்குப் போனாலும் பொய் இல்லை.

அதுக்கு அந்தக் காலத்து ஈயம் பித்தளைக்காரன் எவ்வளவோ மேல். தெருவிலே கத்திக்கிட்டு வருவான், பேரீச்சம்பழத்தைக் கண்ணு முன்னாலே காட்டுவான், ஓட்டைச் சொம்பைத் தராசுலே போட்டு நிறுப்பான். எடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனா சொம்பு ஓட்டையா இருக்குன்னு ஒருநாளும் பழத்தைக் குறைச்சவன் இல்லை. ஓட்டைன்னுதானே அவன்கிட்டே வந்துச்சு!

இதெல்லாம் உன் தலையிலே மட்டும் விடிஞ்சதுன்னு நெனைக்காதே. 2007-லே நீ டவுசர் கூடச் சரியாப் போடத் தெரியாத பய. ஆகஸ்ட் 14-ந்தேதி நோக்கியாக்காரன் ஒரு குண்டைப் போட்டான். பி.எல்.5சி பேட்டரி, 2005 டிசம்பர்லேருந்து 2006 நவம்பர் வரைக்கும் ஜப்பான் மட்சுஷிடா கம்பெனி செஞ்சது, சார்ஜ் போடும்போது சூடாகலாம்னு அறிவிச்சான். எத்தனை தெரியுமா? 4 கோடியே 60 லட்சம்! உலகம் முழுக்க நடந்த சம்பவம் நூறு பக்கம்தான். ஆனா நம்ம ஆளுங்க விடுவாங்களா? போன் வெடிக்குதுன்னு ஒரே களேபரம். கோமணத்திலே செருகியிருந்தவன் எல்லாம் எடுத்து வரப்பு மேலே வச்சான்.

அப்ப என்ன பண்ணச் சொன்னான்னா, பேட்டரி முதுகிலே பொடி எழுத்திலே 26 நம்பர் இருக்கும், அதைச் சரிபார்க்கணும். உன் அப்பன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாப் படிச்சான், நான் சிலேட்டுலே எழுதினேன். என்னுது அந்தக் கணக்கிலே வரலை. எனக்கு ஒரே வருத்தம், புதுசு ஓசியிலே கிடைக்கலையேன்னு. வந்தவனுக்கு என்ன கிடைச்சுது? அதே அளவிலே இன்னொரு பேட்டரி, காசில்லாம. "போனையும் குடுத்துட்டுப் பெரிய போனா வாங்கிக்க"ன்னு அவன் சொல்லலை. ஏன், யோக்கியனா? அதெல்லாம் இல்லை. அப்ப பேட்டரி தனி, போன் தனி. பின்பக்க மூடியை நகத்தாலே நெம்பினா வந்துரும். இன்னிக்குப் பேட்டரியைக் கோந்து போட்டு உள்ளே ஒட்டிட்டான். கெட்டது கால் ரூபாய்ச் சாமான்னாலும் முழுப் போனும் அவன் கைக்குப் போகணும். போனா அவன் சொல்றதுதான் பேரம். இந்தத் தொல்லையெல்லாம் ஆரம்பிச்சதே அந்தக் கோந்துலேதான்னு எனக்கு ஒரு சந்தேகம். அந்த நோக்கியாக்காரன் ஸ்ரீபெரும்புதூர்லே வச்சிருந்த ஃபேக்டரியை 2014-லே மூடிட்டான். பேட்டரி மட்டும் சாகலை. இதோ பாரு, என் ரேடியோவிலே ஓடுறது அதே அளவு பேட்டரிதான்.

அடுத்து வந்தான் சாம்சங்காரன். அதுதான் பெரிய திருவிழா. 2016 ஆகஸ்ட் 19-லே கேலக்ஸி நோட் 7-ஐக் கடைக்குக் கொண்டுவந்தான். ரெண்டு வாரம் தாங்கலை. தீப்பிடிக்குதுன்னு செப்டம்பர் 2-லே 25 லட்சம் போனைத் திரும்பக் கேட்டான். ஒழுங்கா மாத்தியும் குடுத்தான். "இது நல்ல பேட்டரி, வேற இடத்திலே செஞ்சது"ன்னான். மாத்திக் குடுத்ததும் எரிஞ்சுது! அமெரிக்காவிலே லூயிவில் ஊர்லே, பறக்கத் தயாரா நின்ன விமானத்திலே ஒருத்தன் பையிலேருந்து புகை. அது மாத்திக் குடுத்த போன். அக்டோபர்லே மொத்தமா மாடலையே மூடிட்டான். திருப்பி அனுப்புறதுக்கு அமெரிக்காக்காரனுக்குத் தீப்பிடிக்காத பெட்டியும் கைக்கு உறையும் அனுப்பி வச்சானாம். போனுக்குக் கடைசிக் காரியம் பண்றதுக்குக்கூட சாமான் லிஸ்ட்டு!

ஏன் எரிஞ்சுதுன்னு கண்டுபிடிக்க 700 இன்ஜினீயர், ரெண்டு லட்சம் போன், முப்பதாயிரம் பேட்டரி. 2017 ஜனவரியிலே சொன்னான்: முதல் பேட்டரியிலே ஒரு மூலையிலே தகடு மடங்கியிருந்துச்சு. ரெண்டாவதுலே பற்றவைச்ச இடத்திலே பிசிறு துருத்திக்கிட்டு நின்னு குத்துச்சு. முதல் மாடு முட்டுச்சுன்னு மாத்தினா, ரெண்டாவது மாடு உதைக்குது. வியாதி வேற வேற, உடைஞ்சது ஒரே செம்பு.

நம்ம நாட்டிலே அந்தப் போன் விற்பனைக்கே வரலை. 59,900 ரூபான்னு வெலை சொல்லி, முன்பதிவு மட்டும் வாங்கி வச்சிருந்தான். பதிவு பண்ணினவங்களுக்கு என்ன சொன்னான்? பழைய மாடல் எஸ் 7 எடுத்துக்குங்க, கூடவே தலையிலே மாட்டுற கியர் வி.ஆர். கண்ணாடி இனாம், காதுக்கு ஹெட்செட் இனாம். கண்ணாடின்னா நம்ம கண்ணாடி இல்லைடா. ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடுற பெட்டி. செக்கு மாட்டுக்கு எதுக்குக் கண்ணைக் கட்டுறோம்? சுத்தின இடத்தையே சுத்துறோம்னு அதுக்குத் தெரியக் கூடாதுன்னுதான். நான் ஒண்ணும் சொல்லலை, ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்.

கொரியாவிலே அவன் சொந்த ஊர்க்காரனுக்கே இன்னும் அழகாச் செஞ்சான். நோட் 7-ஐக் குடுத்துட்டு எஸ் 7 வாங்கிக்க. வாங்கினதுக்குப் பாதி வெலையைக் கட்டு. அடுத்த வருஷம் எஸ் 8-ஓ நோட் 8-ஓ வரும், அப்ப இதைத் திருப்பிக் குடுத்துட்டு அதை எடுத்துக்க, மிச்சப் பாதி கட்ட வேண்டாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. கணக்குப் போட்டுப் பாரு. இன்னும் பொறக்காத கன்னுக்குட்டிக்கு இன்னிக்கே உன்னைக் கயித்திலே கட்டுறான். அவன் மாடு உன்னை முட்டினதுக்கு அபராதம், நீ அவன் தொழுவத்தை விட்டுப் போகக் கூடாது! இதை அவன் அறிவிச்ச அன்னிக்கே, அக்டோபர் 24, ஐந்நூறு பேருக்கு மேலே சேர்ந்து அங்கே வழக்குப் போட்டாங்க. கொரியாக்காரனும் நம்மளை மாதிரி சோறு திங்கிறவன்தானே, புரிஞ்சிருக்கு.

இதோ போன வருஷம், 2025 ஜூலை. கூகுள்காரன் பிக்சல் 6ஏ போனுக்கு ஒரு அப்டேட் விட்டான். 400 தடவை சார்ஜ் ஏறி இறங்கின போன் சூடாகக் கூடாதுன்னு அதோட வேகத்தையும் கொள்ளளவையும் குறைச்சான். நம்ம ஊர் வார்த்தையிலே சொல்லணும்னா... பாட்டி இருக்கா, வேண்டாம். முரட்டுக் காளைக்கு நாம என்ன பண்ணுவோமோ அதைப் பண்ணினான். அப்புறம் சமாதானம் பேசினான். இலவசமா பேட்டரி மாத்திக்க. வேண்டாமா, ரொக்கம் 100 டாலர். அதுவும் வேண்டாமா, எங்க கடையிலேயே புதுப் போன் வாங்கறதுன்னா 150 டாலர்.

இங்கேதான் நீ கவனிக்கணும், மோரை அப்புறம் குடி. உனக்கு நஷ்டம் ஒண்ணுதானே? அது கையிலே வாங்கினா நூறு, அவன் கடையிலே கழிச்சா எப்படி நூத்தம்பது ஆகும்? அந்த அம்பது டாலர் உன் நஷ்டத்துக்கு இல்லைடா, நீ மறுபடி அவன்கிட்டேயே வர்றதுக்கு. தரகு பாஷையிலே அதுக்குப் பேரு "கைக்கூலி". இதுலே ஒரு நியாயம் மட்டும் ஒத்துக்கணும். ரொக்கமும் தர்றேன்னு வாயைத் திறந்து சொன்னான். உன் ஆளு அதைக்கூடச் சொல்லலை.

நம்ம ஊர்லே ஆனி மாசம் ஆனா வீட்டு மாடியிலேருந்து மாம்பழத்தை வீசுறோமே, எதுக்கு? பரமதத்தச் செட்டியாருக்கு வந்த ரெண்டு மாம்பழத்திலே ஒண்ணைப் புனிதவதியம்மா அடியாருக்குப் போட்டுருச்சு. செட்டியார் ஒண்ணைச் சாப்பிட்டுட்டு இன்னொண்ணைக் கேட்டாரு. அந்தம்மா சிவனைக் கும்பிட்டு ஒண்ணு வாங்கிவந்து வச்சுது. அது முதல் பழத்தைவிட ருசி. மாத்திக் குடுத்த சரக்கு மூலச் சரக்கைவிட நல்லா இருந்தது உலகத்திலேயே அந்த ஒரு தடவைதான், அதுவும் நம்ம காரைக்கால்லே. என்ன ஆச்சு? செட்டியார் நம்பலை. "எங்கேருந்து வந்துச்சு"ன்னு கேட்டாரு, நேர்லே இன்னொண்ணு வரவழைச்சுக் காட்டச் சொன்னாரு, பார்த்தாரு, அப்புறம் கப்பல் ஏறிப் போயே போயிட்டாரு. பக்தருங்க அம்மாவைக் கும்பிடுறாங்க, நானும்தான் கும்பிடுறேன். ஆனா வியாபாரின்னு பார்த்தா செட்டியார் புத்தி சாதாரணப் புத்தி இல்லை. ஓசியிலே வந்த ரெண்டாவது பழம் ரொம்ப இனிச்சா, வந்த வழியைக் கேக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

பாட்டி முறைக்கிறா. மன்னிச்சுக்கோ தாயே, பேச்சுக்குச் சொன்னேன்.

உனக்கு என்ன வழி? முதல்லே போனுக்கு வழியைச் சொல்றேன். இனிமே சார்ஜ் போடாதே. வீக்கத்தைக் குத்திப் பார்க்காதே, நீ குத்துற ஜாதின்னு எனக்குத் தெரியும். அமுக்காதே. ராத்திரி தலையணைக்கடியிலே வைக்காதே. ஈரம் போகட்டும்னு அரிசிப் பானையிலே புதைக்காதே, இது தண்ணிலே விழுந்த கேஸ் இல்லை. ஒரு பழைய மண்சட்டியிலே மணலைப் போட்டு வச்சு, எரியுற சாமான் இல்லாத இடமா வை. கூரியர்காரன்கிட்டே சொல்லாம மூட்டை கட்டி அனுப்பாதே. நல்ல பேட்டரிக்கே விமானத்திலே நூறு கட்டுப்பாடு.

அப்புறம் கம்பெனி. நீ ரொம்ப நல்ல பிள்ளையா இரு. போன்லே சண்டை போடாதே, பேச்சு காத்தோட போயிரும். மெயில் போடு. ரெண்டே கேள்வி கேளு: "நீங்க திரும்பக் கேட்ட போனுக்கு நான் குடுத்த வெலை எப்ப வரும்? வெலை குறைச்சதுக்கு நீங்க சொன்ன காரணமும், நீங்க திரும்பக் கேட்டதுக்குச் சொன்ன காரணமும் ஒண்ணா, வேறயா?" கடைசியிலே "தங்கள் அன்புள்ள"ன்னு மறக்காமப் போடு. மரியாதையா எழுதின கடுதாசிதான் வக்கீல் கண்ணுக்குத் தேன்.

கூப்பன்கிறது கைக்கு வர்றதுக்கு முன்னாடி "ஏற்றுக்கொள்கிறேன்"னு ஒரு பொத்தான் வரும். பொண்ணு பார்க்கப் போன இடத்திலே காப்பித் தம்ளரை வாங்குற மாதிரி அது. வாங்கிட்டா பாதிக் கல்யாணம். அமுக்காதே.

நான் ஆறாம் கிளாஸோட நின்னவன். ஆனா பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்லே உக்கார்ந்து பேப்பர் படிக்கிறவன். 2019-லே போட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையிலே அமலுக்கு வந்துச்சு. அதுலே 20-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. ஆபத்தான சரக்கைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு போட மத்திய ஆணையத்துக்கு அதிகாரம். திரும்பப் பெற்ற சரக்குக்கு வாங்கினவங்க குடுத்த வெலையைத் திருப்பித் தரச் சொல்லவும் அதிகாரம். வெலைன்னுதான் இருக்கு. கூப்பன்னு இல்லை, போனஸ்னு இல்லை. அந்தச் சட்டத்திலேயே இன்னொரு நல்ல காரியமும் பண்ணியிருக்கான். நீ குடியிருக்கிற இடத்து மாவட்ட ஆணையத்திலேயே புகார் குடுக்கலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு ஓட வேண்டாம். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. இந்த "வரை" நிஜ வரை. முதல்லே 1915-க்குப் போன் போட்டுப் பதிவு பண்ணு. உன் வீங்கின போன்லே போடாதே, என்னுதைத் தர்றேன். ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்க: ரெண்டு வருஷத்துக்குள்ளே போகணும். அதுக்கு மேலே போனா தாமதத்துக்குத் தனியாக் காரணம் சொல்லி நிக்கணும்.

இல்லை, எனக்குப் புது மாடல்தான் வேணும்னா, தாராளமா மாத்து. திருநள்ளாறு பக்கத்திலே இருக்கு. சனீஸ்வரனே ஒரு ராசியிலே ரெண்டரை வருஷம் இருந்துட்டுத்தான் வீடு மாறுறார். அதுலேயும் 2025 மார்ச்லேயா, 2026-லேயான்னு ரெண்டு பஞ்சாங்கத்துக்கும் தகராறு வந்தப்ப, கோயில்லே வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பிடிச்சுக்கிட்டு அவசரப்படாம நின்னாங்க. உனக்கு வருஷத்துக்கு ஒரு பெயர்ச்சி, அதுக்கு மாசாமாசம் ஈ.எம்.ஐ.ன்னு ஒரு பரிகாரம். நளதீர்த்தத்திலே குளிச்சுட்டுப் பழைய துணியை விட்டுட்டு வர்றாங்களே, அவங்க யாராவது அதுக்கு எக்ஸ்சேஞ்ச் வெலை கேட்டுப் பார்த்திருக்கியா? தலை முழுகினா முழுகினதுதான்.

என்ன முழிக்கிறே? இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்னா?

செஞ்சவன்டா நான். 1980-ஆம் வருஷம், அம்பகரத்தூர் பக்கத்து ஆள் ஒருத்தருக்கு ரெண்டாம் ஈத்து மாடு ஒண்ணு வித்தேன். ஒரு காம்பு அடைப்பு. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நாலே நாள்லே ஓட்டிக்கிட்டு வந்துட்டாரு, நியாயமான கோபம். நான் கோவிச்சுக்கலையே! வாங்க, உக்காருங்க, மோர் குடிங்கன்னேன். "மாட்டை நானே எடுத்துக்கறேன், ஆனா மூணு காம்பு மாட்டுக்கு மூணு காம்பு வெலைதானே? மேலே நூத்தம்பது ரூபா போடுங்க, இதைவிட நல்ல மாடு இருக்கு"ன்னேன். மனுஷன் யோசிச்சாரு, போட்டாரு, ஓட்டிக்கிட்டுப் போனாரு. அந்த மாடு உதைக்கும்.

அந்த மனுஷன் யாருன்னு கேக்கறியா? உங்க அம்மாவைப் பெத்த தாத்தாதான். அதுக்கப்புறம் எப்படிச் சம்பந்தம் ஆச்சுன்னு உன் பாட்டியைக் கேளு, எனக்கே ஆச்சரியம்தான். நாளைக்கு ஆணையத்துக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கிட்டுப் போறேன்னு மட்டும் சொல்லாதே. ரெண்டு வருஷம்தான் கெடு, நான் விசாரிச்சு வச்சிருக்கேன்.